எந்தத் தாள், எந்தத் தேதி? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. 2025 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க விசா விதிகள் அடுத்தடுத்து மாறியதால், பிள்ளைகள் அங்கே இருக்கும் வீடுகளில் கலக்கம் மிகுந்திருப்பது அவற்றில் தெரிகிறது. நான் வழக்கறிஞன் அல்லன். அங்கே ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இந்தத் தாள்களைத் தொகுத்து அனுப்பிவிட்டு, காரைக்குடிக்குத் திரும்பியவன். வழக்கறிஞரைப் பார்த்தே தீர வேண்டிய இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகன் டல்லாஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக எச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா சென்ற ஆண்டே முடிந்துவிட்டது. ஆனால் 2028 வரை அனுமதி இருக்கிறது என்கிறான். வைகாசியில் அவன் தங்கைக்குத் திருமணம். “வந்தால் திரும்பிப் போக முடியாது, ஒரு லட்சம் டாலர் கேட்பார்கள்” என்று தயங்குகிறான். உண்மைதானா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, அந்த நாட்டின் வாசலில் போய் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே சென்றபின் எந்த நாள் வரை தங்கலாம் என்பதை ஐ-94 என்னும் பதிவுதான் தீர்மானிக்கிறது. நிறுவனம் நீட்டிப்புக் கேட்டு ஒப்புதல் பெறும்போது, ஐ-797 என்னும் அந்த ஒப்புதல் தாளின் அடிப்பகுதியிலேயே புதிய ஐ-94 அச்சாகி வரும். ஆகவே விசா முடிந்துபோன நிலையிலும் அவர் அங்கே முறைப்படிதான் இருக்கிறார். நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால்தான் அந்தச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ‘ஸ்டாம்பிங்’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

முதலில் ஒரு லட்சம் டாலர் அச்சத்தை விலக்கிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 19 அன்று வெளியான அதிபரின் ஆணை, செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய எச்1பி மனுக்களுக்கு உரியது. அக்டோபர் 20 அன்று குடியேற்றத் துறை வெளியிட்ட விளக்கத்தின்படி, அமெரிக்காவுக்கு உள்ளே இருந்துகொண்டு நீட்டிப்பு பெற்றவர்களுக்கு அந்தத் தொகை பொருந்தாது. அவ்வாறு ஒப்புதல் பெற்றவர் பிறகு வெளிநாடு வந்து ஸ்டாம்பிங் செய்துகொண்டு திரும்பினாலும் பொருந்தாது. உங்கள் மகன் இந்த வகையைச் சேர்ந்தவர்.

அவருடைய தயக்கத்துக்கு உண்மையான காரணம் நேர்காணலில் இருக்கிறது. முன்பெல்லாம் பழைய விசா வைத்திருந்தவர்கள் நேர்காணல் இல்லாமலே ‘ட்ராப்பாக்ஸ்’ முறையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றார்கள். 2025 செப்டம்பர் 2 முதல் எச்1பி விசாவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. கனடாவிலோ மெக்ஸிகோவிலோ ஸ்டாம்பிங் செய்துகொண்டு வரும் பழக்கமும் அதே மாதம் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. விண்ணப்பிப்பவர் தம் நாட்டிலோ, தாம் வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். இதன்மேல், டிசம்பர் 15 முதல் எச்1பி விண்ணப்பதாரர்கள், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்4 விண்ணப்பதாரர்கள் ஆகியோரின் சமூக வலைதளக் கணக்குகளை ஆராயும் நடைமுறை வந்தது. ஒரு நாளில் பார்க்கும் நேர்காணல்களின் எண்ணிக்கை அதனால் குறைந்து, டிசம்பரில் தேதி வாங்கிக்கொண்டு இந்தியா வந்திருந்த பலருக்கு மார்ச்சுக்கும் அதற்குப் பின்னும் தேதி தள்ளிப்போனது. இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் மூன்று மாதம் சென்னையில் தங்க நேர்ந்தது இப்படித்தான்.

ஆகவே நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கிரீன் கார்டுக்கான கடைசிப் படியாகிய ஐ-485 மனுவை அவர் ஏற்கெனவே தாக்கல் செய்திருக்கிறாரா? 2020 அக்டோபரில் தேதிகள் திடீரென முன்னே பாய்ந்தபோது தாக்கல் செய்தவர்கள் பலர் உண்டு. அவர்களுள் ஒருவராக இருந்து, ‘அட்வான்ஸ் பரோல்’ என்னும் பயண அனுமதி கையில் இருந்தால், ஸ்டாம்பிங் இல்லாமலே திரும்பிச் செல்ல வழி உண்டு. அது இல்லையென்றால், வைகாசிக்கு முன்பாக நேர்காணல் தேதி உறுதியாகியிருக்கிறதா, அந்தத் தேதி தள்ளிப்போனால் இங்கிருந்து வேலை பார்க்க நிறுவனம் எழுத்து மூலம் இசைந்திருக்கிறதா, நேர்காணலில் 221-ஜி தாளைக் கொடுத்து நிறுத்திவைத்தால் மூன்று மாதச் சம்பளமில்லா விடுப்பை அவரால் தாங்க முடியுமா என்று கேளுங்கள். இந்த மூன்றில் இரண்டுக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், வர வேண்டாம் என்றே சொல்வேன். கோவிலிலிருந்து மாலை வரும் நேரத்தில் உடன்பிறந்தவன் பக்கத்தில் நிற்கவில்லையே என்ற குறை பெரிதுதான்; ஆனால் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பை ஒரு முகூர்த்தத்துக்காகப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். நாள் இன்னும் குறிக்கவில்லையென்றால், நேர்காணல் தேதி கிடைத்தபின் குறிக்கலாமே.

இன்னொன்று. அவர் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒப்புதல் தாள் 2028 வரை இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்துவிடுமானால், விமான நிலையத்து அதிகாரி ஐ-94 தேதியைப் பாஸ்போர்ட் முடியும் நாளோடு நறுக்கிவிடக்கூடும். எனக்கே இது நடந்தது. ஊருக்கு வந்து திரும்பிய அலுப்பில் ஐ-94 பதிவை இணையத்தில் சரிபார்க்காமல் விட்டு, ஏழு மாதம் கழித்து வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகப் பார்த்தேன். கெடு முடிய பதினொரு நாள்தான் மீதி இருந்தது. பிறருக்கெல்லாம் தேதி பார்த்துக் கொடுத்தவன் நான் என்பதால், அலுவலகத்தில் இதை வெகு காலம் யாரிடமும் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் பையனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. அவனுக்கு வந்த மாணவர் விசாவில் ‘எஃப்.என்.யூ.’ என்று ஏதோ அச்சாகியிருக்கிறது. தவறா? திருத்த வேண்டுமா?
– ஒரு தந்தை, கானாடுகாத்தான்

பதில்: ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்கத் தூதரகம் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தை இந்த மூன்றெழுத்தால் நிரப்புகிறது. விசாவில் இருப்பதால் குற்றமில்லை. பையன் அதைக் கொண்டு பயணம் செய்யலாம். தொல்லை பிறகுதான் தொடங்கும். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று பலவற்றிலும் அந்த மூன்றெழுத்து அவன் பெயராகவே ஒட்டிக்கொள்ளும். பத்து ஆண்டு கழித்துக் கிரீன் கார்டுக்கு மனுச் செய்யும்போது, பட்டச் சான்றிதழில் உள்ளவரும் இவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். ஐயா பெயர், ஐயாவின் தகப்பனார் பெயர், வீட்டுப் பெயர் என்று மூன்று தலைமுறையையும் தலைப்பெழுத்தாகச் சுமப்பவர்கள் நாம். ஓர் எடுத்துக்காட்டாக, பள்ளி மாற்றுச் சான்றில் ‘சித.மு. வள்ளியப்பன்’, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘வள்ளியப்பன் மு’, ஆதாரில் ‘வள்ளியப்பன் முத்தையா’, பாஸ்போர்ட்டில் வெறும் ‘வள்ளியப்பன்’ என்று ஒரே பிள்ளைக்கு நான்கு வடிவம் இருப்பதை இங்கே யாரும் விந்தையாக நினைப்பதில்லை. ‘சித.’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் இரண்டெழுத்தும் இன்னோரிடத்தில் நான்கெழுத்துமாக வந்திருக்கும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் நான்கு பேர்.

என் யோசனை: பையன் இன்னும் கிளம்பவில்லையென்றால், நாள் இருந்தால், பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அவன் பெயரை முதற்பெயராகவும் தகப்பனார் பெயரை முழுமையாக விரித்துக் குடும்பப் பெயராகவும் பிரித்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம் என்பதால் உங்களுக்கு மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கும் செட்டிநாட்டு ஊர்களுக்குத் திருச்சி. விசா பழைய பாஸ்போர்ட்டிலேயே இருந்துவிடும். இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும், பெயர் மாறியிருப்பதால் புதிய விசா தேவையா என்பதைக் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் பிரிவிடம் கேட்டுவிட வேண்டும். கிளம்ப ஒரு மாதம்தான் இருக்கிறதென்றால் இப்போது தொடாதீர்கள். அடுத்த பாஸ்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். எப்படியானாலும், தலைப்பெழுத்தின் விரிவைக் குறிப்பிட்டு, எல்லா வடிவங்களும் ஒரே ஆளையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாங்கி வையுங்கள். பெயரையே மாற்றுவதாக இருந்தால்தான் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடும் வேலை. தலைப்பெழுத்தை விரிப்பதற்கெல்லாம் அரசிதழ் வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால், எந்த அலுவலகம் கேட்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: என் மருமகனுக்கு வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டு வரிசையில், இபி-2 பிரிவில் 2019 ஆம் ஆண்டுத் தேதி. இந்தியர்களுக்கு 2025 வரை 2013 ஐத் தாண்டவில்லையாமே? என் மகள் பிறந்தது பினாங்கில். நாங்கள் அப்போது அங்கே கடை வைத்திருந்தோம். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான். இதனால் ஏதேனும் பயன் உண்டா?
– ஒரு வாசகர், நாச்சியாபுரம்

பதில்: பயன் உண்டு, அதுவும் மிகப் பெரிய பயன். இதுவரை யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

வேலைவாய்ப்பு வழியாக ஓராண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். குடும்பத்தாரும் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் மிக அதிகம் என்பதால், எந்தத் தேதிக்காரர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில், 2025 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கான இபி-2 இறுதித் தேதி 2013 ஐ ஒட்டியே நின்றது. ஆனால் எந்த நாட்டு வரிசையில் நிற்பது என்பதை முடிவு செய்வது பாஸ்போர்ட் அன்று, பிறந்த இடம். உங்கள் மகள் பிறந்த இடம் மலேசியா. மலேசியாவுக்குத் தனி வரிசை இல்லை. மற்ற எல்லா நாடுகளுக்கும் உரிய பொது வரிசையில் அது சேரும். அந்த வரிசை இந்திய வரிசையைவிடப் பல ஆண்டுகள் முன்னே இருக்கிறது, 2019 தேதி அதில் எப்போதோ கடந்துபோன தேதி. கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது, ஒருவர் பிறந்த நாட்டை மற்றவருக்கும் கணக்கில் கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே உங்கள் மருமகன் மனைவியின் பிறப்பிடத்தைச் சுட்டி, இருவருக்கும் ஐ-485 தாக்கல் செய்ய முடியுமா என்று தம் நிறுவனத்து வழக்கறிஞரிடம் இன்றே எழுதிக் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது மலேசியத் தேசியப் பதிவுத் துறை தந்த பிறப்புச் சான்றைத் தேடி எடுப்பது. பெட்டகத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். தகப்பனார் பெயரும் குழந்தையின் பெயரும் அங்கே மலாய் எழுத்துக்கூட்டலில் இருக்கும், மகளின் இந்தியப் பாஸ்போர்ட்டில் வேறாக இருக்கும். அதற்கும் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். திருமணச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்றதாக இருக்கட்டும். நம் வீடுகளில் திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானத்தை அனுப்பிவைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்; எவ்வளவு மதிப்புள்ள ஆவணமாயினும் அதிகாரி கேட்பது அரசுப் பதிவு. பழைய திருமணம், பதிவே செய்யவில்லை என்பவர்கள் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள இயலும்.

அந்தக் காலத்தில் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்காக, போனவர்கள் மூன்று ஆண்டுக் கணக்கில் போய்த் திரும்பினார்கள். எச்1பி அனுமதியும் மூன்று மூன்று ஆண்டாகத்தான் தரப்படுகிறது. கணக்கை முடித்துவிட்டுத் திரும்பும் வழக்கம் மட்டும் விட்டுப்போயிற்று.

கேள்வி: நேர்காணல் தேதியை முன்னே வாங்கித் தருவதாக ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பொன்னமராவதி

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அவரிடம் தந்தால்தான் அவரால் தேதி பிடிக்க முடியும். ஒரே கணக்கில் ஓயாமல் உள்ளே போய்வருவதைத் தளம் கண்டுகொண்டால் கணக்கை முடக்கிவிடும். முடங்குவது உங்கள் கணக்கு, அவருடையது அன்று. படிவத்தில் தவறான தகவல் சேர்ந்தாலும் கையொப்பம் உங்களுடையது.

கேள்வி: நியூஜெர்சியில் உள்ள என் அண்ணன் 2007 ஜூனில் எங்களுக்கு மனுப் போட்டார், 2012 ஜூனில் ஒப்புதல் வந்தது. இன்னும் அழைப்பு வரவில்லை. என் மகளுக்கு 2025 ஆகஸ்டில் 21 வயது முடிந்துவிட்டது. அவள் பெயர் நீங்கிவிடுமா? வரன்களும் வருகின்றன.
– ஒரு தாய், கோட்டையூர்

பதில்: நீங்கவில்லை. குடிமக்களின் உடன்பிறந்தாருக்கான எஃப்-4 பிரிவில் இந்திய வரிசை 2025 இறுதியில் 2006 நவம்பரில் நின்றது. உங்கள் தேதி அதற்கு ஏழு மாதம் பின்னால் இருக்கிறது; ஆனால் அங்கே ஏழு மாதம் என்பது நம் நாட்காட்டியின் ஏழு மாதம் அன்று, ஆண்டுகளும் ஆகலாம்.

பிள்ளைகளின் வயதைக் காப்பதற்கென்று 2002 இல் ஒரு சட்டம் வந்தது. வரிசை உங்கள் தேதியை எட்டும் மாதத்தில் மகளின் வயதை எடுத்து, மனு ஒப்புதலுக்காகக் கிடந்த காலத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். உங்கள் மனு 2007 ஜூனிலிருந்து 2012 ஜூன் வரை, ஐந்து ஆண்டு கிடந்திருக்கிறது. அன்று தாமதம் என்று நொந்துகொண்டிருப்பீர்கள். இன்று அந்தத் தாமதம்தான் மகளைக் காக்கிறது. அவளுக்கு 26 வயது முடியும் 2030 ஆகஸ்டுக்கு முன் வரிசை உங்கள் தேதியை எட்டிவிட்டால், கணக்கில் அவள் 21 ஐத் தாண்டாதவள். எட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவளுக்குரிய படிவத்தையும் கட்டணத்தையும் செலுத்தி, முயற்சி தொடங்கியதைக் காட்டிவிட வேண்டும். கழிக்க வேண்டிய நாட்களைத் துல்லியமாக எண்ணுவதற்கு, மனுவைப் பெற்றுக்கொண்ட தாளும் ஒப்புதல் தாளும் இரண்டும் வேண்டும். அண்ணனிடம் கேட்டு நகல் வாங்குங்கள். பதினெட்டு ஆண்டில் அவர் எத்தனை வீடு மாறியிருக்கிறாரோ!

திருமணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மணமான அன்றே அவள் உங்கள் மனுவிலிருந்து விலகிவிடுவாள். வயதுக் கணக்கு எதுவும் அதற்குமேல் உதவாது. நல்ல வரனை, வருமா வராதா என்று தெரியாத ஓர் அழைப்புக்காக ஐந்து ஆண்டு ஒத்திப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிவு அவளுடையதாக இருக்கட்டும், இந்தக் கணக்கை அவளிடம் காட்டிவிட்டு.

இதைப் படிக்கும் அமெரிக்க வாசகர்களுக்கு: அங்கே இருந்துகொண்டு ஐ-485 போடும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 15 முதல் புல்லட்டினின் இறுதித் தேதி அட்டவணையைக் கொண்டே வயது கணக்கிடப்படுகிறது. முன்னதாக வரும் தாக்கல் தேதி அட்டவணை அந்தக் கணக்குக்கு இப்போது உதவாது.

கேள்வி: அமெரிக்கக் குடிமகனான என் சிறிய தகப்பனாருக்குப் பிள்ளை இல்லை. என் மகனைப் பிள்ளை கூட்டிக்கொள்ள (தத்தெடுக்க) விரும்புகிறார். மகனுக்கு 24 வயது. கூட்டிவிட்டால், தகப்பன் என்ற முறையில் அவனை அழைத்துக்கொள்ளலாம் அல்லவா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: முடியாது. நம் வழக்கப்படி வயது வந்தவரையும் பிள்ளை கூட்டலாம். 1956 ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் 15 வயது வரம்பு வைத்திருந்தாலும், வழக்கம் இருக்கும் இடத்தில் அதற்கு விலக்கும் தருகிறது. கோவிலில் குடும்பக் கணக்காகிய புள்ளிக்கும் சொத்துரிமைக்கும் கொள்ளி வைப்பதற்கும் அது போதும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் போதாது. 16 வயதுக்குமுன் தத்தெடுத்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டு சட்டப்படியான பொறுப்பிலும் உடனுறைவிலும் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதே பெற்றோர் தத்தெடுத்த குழந்தையின் உடன்பிறந்தவராக இருந்தால் மட்டும் 18 வரை. குழந்தை சிறுவயதாக இருப்பினும், இந்தியாவும் அமெரிக்காவும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் என்பதால், மத்திய தத்தெடுப்பு ஆணையமாகிய காரா வழியாகவே செல்ல வேண்டும்.

வேறு காரணங்களுக்காகப் பிள்ளை கூட்டுவதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதன்பின் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் மாறும், தலைப்பெழுத்து மாறும், பெற்ற தகப்பனாரின் வழியில் ஏதேனும் மனு நிலுவையில் இருந்தால் அதில் கேள்வி எழும். பத்திரத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டிவிடுங்கள். இது இதழில் தீர்க்கும் கேள்வி அன்று.

கேள்வி: என் மகள் எச்4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அட்டையே 540 நாள் செல்லும் என்கிறாளே?
– ஒரு வாசகி, ஆத்தங்குடி

பதில்: அந்த வசதி நின்றுவிட்டது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதன் பிறகோ தாக்கலாகும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாக நீட்டிப்பு கிடையாது. அட்டை முடிந்த மறுநாள் வேலையை நிறுத்தியாக வேண்டும். முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஆகஸ்டில் முடியும் அட்டைக்குப் பிப்ரவரி வாக்கிலேயே வாசல் திறந்துவிடுகிறது. அந்த வாரமே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். முடிக்கப் போகிறேன். எச்1பி குலுக்கலில் இனி எங்களுக்கு இடம் உண்டா?
– ஒரு மாணவி (ஊர் காரைக்குடி)

பதில்: உண்டு, ஆனால் முன்பைப் போல எல்லார் சீட்டும் ஒரே கனம் அன்று. ஆண்டுக்கு 65,000 இடமும், அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடமும் என்பது அப்படியே இருக்கிறது. 2026 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, நிறுவனம் தரும் சம்பளம் (ஒன்று மிகக் குறைவு, நான்கு மிக உயர்வு என்ற கணக்கில்) நான்காம் நிலையில் இருந்தால் உங்கள் பெயர் நான்கு முறையும், முதல் நிலையில் இருந்தால் ஒரே முறையும் குலுக்கலில் சேரும். படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளில் இருப்பார்கள் என்பதால் உங்கள் வயதினருக்கு இது இழப்பே. சம்பள நிலை வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்தும் மாறும். ஒரே தொகை கலிஃபோர்னியாவில் முதல் நிலையாகவும், செலவு குறைந்த வேறொரு மாநிலத்தில் மூன்றாம் நிலையாகவும் அமையலாம். வேலை தேடும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

உங்களுக்குச் சாதகமானது ஒன்று உண்டு. மாணவர் விசாவில் அங்கே இருந்தபடியே எச்1பி நிலைக்கு மாறுபவர்களுக்கு அந்த ஒரு லட்சம் டாலர் தொகை இல்லை. அதனாலேயே, நிலைமாற்றம் ஒப்புதலாகும் முன் நாட்டைவிட்டு வெளியே வராதீர்கள். வந்துவிட்டால் நிலைமாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, அந்தத் தொகை உங்கள் நிறுவனத்தின் தலையில் விழக்கூடும். அதைக் கட்ட அநேகமாக எந்த நிறுவனமும் முன்வராது. பொறியியல் பட்டத்துக்கு ஓராண்டும், அதன்மேல் 24 மாதமும் வேலைப் பயிற்சி அனுமதி கிடைக்கும் என்பதால், குலுக்கலுக்கு மூன்று வாய்ப்பாவது இருக்கும்.

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். நான் பிறந்தது 1958. பிறப்புச் சான்று கிடையாது. ஆண்டில் எட்டு மாதமாவது இங்கே வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் எண்ணம்.
– ஓர் ஆச்சி, புதுவயல்

பதில்: பிறப்புச் சான்று தடையாகாது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நம் மாநிலத்தில் 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலரிடம் சான்று இல்லை என்பதைத் தூதரகம் அறியும். உங்கள் பிறப்பு பதிவாகவில்லை என்று பேரூராட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஒரு சான்று, பள்ளிச் சான்று ஏதேனும் இருந்தால் அது, நீங்கள் பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர்கள் இருவரின் உறுதிமொழி ஆகியவை போதும். உங்களைவிட வயதில் மூத்த உறவினர் இருக்கும்போதே அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கிவிடுங்கள். குடிமக்களின் பெற்றோருக்கு வரிசை கிடையாது. மகனுக்கு 21 வயது நிறைந்திருந்தால் போதும். நேர்காணலுக்கு அழைப்புக் கடிதத்தில் குறித்திருக்கும் ஊருக்குச் செல்ல வேண்டும். பெற்றோர் விசாவுக்குப் பெரும்பாலும் மும்பைதான், சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் போய் நிற்காதீர்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் எண்ணத்தை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு அந்த அட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. கிரீன் கார்டு என்பது அங்கேயே குடியிருப்பவர்களுக்கு உரியது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டுப் போனால் கேள்வி வரும். ஓராண்டுக்கு மேல் முன் அனுமதியின்றி இருந்தால் அட்டையை அதன்மேல் நம்ப முடியாது. ஆண்டில் எட்டு மாதம் புதுவயலில் முகப்பும் வளவும் கூட்டிக்கொண்டு இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவே பொருத்தம். வழக்கமாகப் பத்து ஆண்டுக்குத் தருகிறார்கள், ஒருமுறை சென்றால் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். பேரப்பிள்ளையோடு நான்கு மாதம் இருந்துவிட்டு வர அது தாராளம்.

இல்லை, அட்டை வாங்கியே தீருவோம் என்றால், மறுநுழைவு அனுமதிக்கு ஐ-131 படிவத்தைப் போடுங்கள். இரண்டு ஆண்டு வரை வெளியே இருக்க அது உதவும். அதை இங்கிருந்து போட முடியாது. நீங்கள் இருவரும் அங்கே மண்ணில் இருக்கும்போதே தாக்கல் செய்ய வேண்டும், கைரேகை கொடுக்கும் நாள் வரை தங்குவதும் நல்லது. ஆகையால் திரும்பும் விமானச்சீட்டை அதற்குத் தக்கபடி எடுக்கச் சொல்லுங்கள்.